பூமிநாதன் கொல்லையில் இறங்கிய பனிக்காலம்

பூமிநாதனுக்குத் துரோகம் செய்தவர்களில் முதல் ஆள் கூடப்பிறந்த அண்ணன் உடையப்பன். அவரை விட்டால் பொட்டல்வலசையில் இன்னும் நிறையப் பேர் உண்டு. எடைத்தட்டில் கால் கட்டைவிரலை ஊன்றிக் கரி நிறுத்த வியாபாரி உண்டு, பெண் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் அசலூருக்குத் தந்த தாய்மாமன் உண்டு, கோயில் கொடை நாளில் திருநீற்றுத் தட்டோடு அவரைத் தாண்டிப்போன பூசாரி உண்டு. ஒருவரையும் அவர் மறக்கவில்லை. எல்லோரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். ஆனாலும் அந்த வரிசையின் தலையில் நின்றவர் அண்ணன்தான், அந்த இடத்தை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர்களுடைய அப்பா கட்டிய வீடு தெருவில் தொடங்கி ஓடையில் போய் முடிகிற நீள வீடு. பாகம் பிரித்தபோது தெருப்பக்கத்து முன்கட்டு அண்ணனுக்கும், பின்னால் இருந்த ஒற்றை அறையும் வேம்பும் கிணறும் உடைமரமும் சேர்ந்த கொல்லை தம்பிக்கும் என்று ஆயிற்று. பக்கவாட்டில் ஓடுகிற நடை இரண்டு பேருக்கும் பொது என்று ஊர்ப் பெரியவர்கள் அய்யனார் கோயில் முன்னால் நின்று சொன்னார்கள், அண்ணனும் தலையாட்டினார். தலையாட்டிய அந்தத் தலை கொஞ்ச காலம்தான் அப்படியே இருந்தது. பூமிநாதன் சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். மூட்டம் புகைகிற நாட்களில் காவலுக்குக் காட்டிலேயே கிடப்பார். அப்படி ஒருமுறை போய்த் திரும்பியபோது நடையின் கடைசியில் ஆள் உயரத்துக்கு மதில் எழும்பியிருந்தது. நடைக்குள் வைக்கோலும் தவிட்டு மூட்டையும் ஏறியிருந்தன. ஏனென்று கேட்டதற்கு அண்ணன் ஒரு காரணமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பூமிநாதனும் அவர் மனைவி இருளாயியும் தெருவுக்கு வர வேண்டுமானால் கொல்லையிலிருந்து ஓடைக்குள் இறங்கி, கரையேறி, முள்ளுக்காட்டை வளைத்து, சுடுகாட்டு முக்கைத் தொட்டு, ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். இருளாயி இறந்தது அடைமழைக் காலத்தில், ஓடை கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தபோது. அந்த ஊரில் ஒரு பெண் எந்த வாசல்வழி விளக்கோடு உள்ளே வந்தாளோ அந்த வாசல்வழிதான் கடைசியாக வெளியே போக வேண்டும்; தெருப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்து, பாடை கடந்ததும் தண்ணீர் தெளித்து அனுப்பி வைக்க வேண்டும். இருளாயி வலதுகால் வைத்து வந்தது முன்வாசல் வழியாக. பூமிநாதன் மழையில் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டு, "அண்ணே, மதிலை இடிக்கச் சொல்லல. மேல நாலு வரிசைக் கல்லை மட்டும் எடுத்துக்கிறேன். அவளைக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்து நானே திரும்பக் கட்டித் தாரேன்" என்று கத்தினார். அந்தப் பக்கம் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. இருமலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கடைசியில் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, கால் இடறி, ஒருமுறை அவளுடைய ஒரு பக்கம் நனைந்து, அப்படித்தான் அவளைக் கொண்டுபோனார்கள். தெருப் பெண்கள் கரைத்து வைத்த மஞ்சள் தண்ணீரோடு வாசலில் அப்படியே நின்றார்கள். அவள் வரவேயில்லை.

அதற்குப் பிறகு பூமிநாதன் அண்ணனிடம் நிலம் கேட்கவில்லை, நடை கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டார். 'இருளாயியை வாசல்வழியா விட்டிருக்கணும்' என்று ஊரார் நாலு பேர் கேட்கிற மாதிரி அண்ணன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த வார்த்தை பொட்டல்வலசையில் எல்லோருக்கும் மனப்பாடம், ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். சொல்ல வேண்டிய ஒருவருக்கு மட்டும் வாய் வரவில்லை.

கொல்லையில் பேச ஆளில்லாமல் போன பிறகு பூமிநாதன் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டம் போடாத நாட்களில் கிணற்று மேடையில் உட்கார்ந்து காலையிலும் பொழுது சாயும்போதும் பார்ப்பார். புரட்டாசி கழிந்து வடக்கே குளிர் தொடங்குகிறபோது முதலில் வாலாட்டி வரும், சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாகத் தரையில் நடந்துகொண்டே வாலை ஆட்டும். பிறகு உடைமரத்துக்குக் கீச்சான் வந்து வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்தி வைக்கும். துணிக்கொடியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்காரும். சருகுக்குள் ஆறுமணிக் குருவி, வேம்பு நிறைய சூறைக்குருவிக் கூட்டம். வந்ததற்கும் போவதற்கும் யாரிடமும் வழி கேட்காத ஜனம் என்று அவற்றைப் பற்றி நினைத்துக்கொள்வார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை, ஆனி மாதம் மாதிரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாலாட்டி வழக்கம்போல் வந்து கிணற்றடியில் இறங்கி நடந்தது. அது நடந்த இடமெல்லாம் கால் பதிந்த தடம் வெள்ளையாக நின்றது. பூமிநாதன் குனிந்து ஒரு தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார், சுட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டார், பிறகு போய்த் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கீச்சான் வந்தபோது முள்ளுக்கு முள் பனி கோத்தது. பஞ்சுருட்டான்கள் வடக்கத்திக் காற்றை இறக்கைக்குள் இடுக்கிக் கொண்டுவந்திருந்தன, கொடியில் உட்கார்ந்து உதறியதும் அது கொல்லை முழுக்கச் சுற்றி வந்தது. சூறைக்குருவிகள் ஒரு சாயங்காலம் மொத்தமாக வேம்பில் இறங்கிச் சிறகு கோதின; கோதக் கோத வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது, விடிந்து பார்த்தால் கொல்லை ஒரே வெளுப்பாகக் கிடந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் கிணற்று வாளியில் தண்ணீர் கல்லாகி இருந்தது.

முதலில் பார்த்தவள் மீன்காரி சவேரியம்மா. கடற்கரையிலிருந்து கூடை சுமந்து ஓடைக்கரை வழியாக வருகிறவள். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கொல்லையில உப்பளம் போட்டுட்டீகளா?" என்றாள்.

"நான் போடல. வந்து இறங்கிருக்கு."

உப்பளம் சூழ்ந்த சீமையில் பிறந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள். கரிக்கவில்லை. சில்லென்று நாக்கு ஒட்டிக்கொண்டது. "உப்பில்லாத உப்பாவுல இருக்கு" என்றவள் அடுத்த காரியமாகக் கூடையை இறக்கி, சீலா மீனையும் நகரையையும் அந்த வெள்ளைக்குள் புதைத்து, மேலே ஒரு குச்சியை நட்டுவிட்டு, "மிச்சத்தை நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன், பூனை வராமப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்ததுபோல. உப்பளத்தில் வாருபலகை இழுக்கிற ஒரு வீட்டார் மட்டும் சவேரியம்மாவின் நாக்கை நம்பாமல், எல்லோருக்கும் முந்தி வந்து ஒரு சாக்கு நிறைய வாரிக்கொண்டு போனார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் சாக்கு ஒழுகி, சுமந்தவன் முதுகு நனைந்து, வாசலில் வெறும் ஈரச்சாக்கு இறங்கியது. திருட்டு உப்பு அப்படித்தான் கரையும் என்று பூமிநாதன் சொன்னார். அவர்களையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஊர் வரத் தொடங்கியது. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், கொஞ்ச நேரம் வேம்படியில் நின்றால் காய்ச்சல் இறங்கியது. தோசை மாவு புளிக்காமலிருக்கச் சட்டியை வேலியோரமாக வைத்துவிட்டுப் போனார்கள், யார் சட்டி எது என்று சண்டை வந்து, சட்டிக்குச் சட்டி துணியில் அடையாள முடிச்சு போட்டார்கள். கல்யாண வீட்டார் பாலைக் கொண்டுவந்து வைத்தார்கள். சைக்கிளில் ஐஸ் விற்கிறவன் ஒருநாள் வந்து, கொல்லையைக் கண்ணில் நீர் முட்டப் பார்த்துவிட்டு, "இனி நான் என்னத்த விக்க?" என்று கேட்டான், பூமிநாதன் அவனுக்கு ஒரு மூலையைக் காட்டி, அங்கிருந்து அள்ளி விற்றுக்கொள்ளச் சொன்னார். அவன் அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

பொட்டல்வலசையில் கம்பளி என்று ஒன்று யார் வீட்டிலும் இல்லை. ஊராட்சித் தலைவர் வில்லாயுதம் வீட்டில் மட்டும் மேடைக்கு மேடை அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை அவர் ஊருக்கு எடுத்துக் கொடுத்தார். அந்தப் பனிக்காலம் முழுக்க ஆடு மேய்க்கிறவர்களும் கரி சுமக்கிறவர்களும் மாவுச் சட்டி எடுக்க வருகிற பெண்களும் ஜரிகைப் பொன்னாடை போர்த்திக்கொண்டுதான் கொல்லைக்குள் நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஊரே கௌரவிக்கப்பட்டதுபோல் இருந்தது. பறவை இறங்குகிற நேரத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது, செருப்பைக் கரையிலேயே கழற்ற வேண்டும், கவணோடு யாரும் வரக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு செய்தார்கள். டவுனிலிருந்து படித்தவர்கள் சிலர் வந்து கருவியை நட்டு அளந்து பார்த்துவிட்டு, இது சரிதான், வடக்கே குளிர்காலத்தில் இருக்கிற குளிர்தான், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் தவறாமல் சொன்னார்கள்.

"என்ன மாமா, இம்புட்டுச் சுத்தா இருக்கு? முள்ளுக் குத்திக் காலெல்லாம் போச்சு."

"அப்படியா?" என்பார் பூமிநாதன். "எனக்குப் பழகிப்போச்சு."

சொன்னவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவருக்கு அதில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

குளிர்காலம் கொல்லையின் எல்லை தாண்டி ஒரு சாண்கூட விழவில்லை. ஓடைப்பக்கம் வேலிவரை வெள்ளை, வேலிக்கு வெளியே புழுதி. கிழக்கே பக்கத்துக்காரர் வரப்போடு நின்றது. தெருப்பக்கம் அண்ணன் கட்டிய மதிலோடு நின்றது என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஒருநாள் உடையப்பன் மனைவி மீனாள் மாட்டுக்குத் தீனி எடுக்க நடைக்குள் போனவள், வைக்கோலின் மேல் வெள்ளை விழுந்து கிடப்பதையும் தவிட்டு மூட்டைகள் விறைத்து நிற்பதையும் பார்த்துவிட்டு அலறினாள். ஊர் போய்ப் பார்த்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கவாட்டு நடை முழுக்க, பழைய அகலத்தில், முன்வாசல் நிலைப்படி வரைக்கும் ஒரு நேர்கோடாகப் பனி விழுந்திருந்தது. இடதுபக்கம் அண்ணன் அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைவர் வில்லாயுதம் நேராகப் பூமிநாதனிடம் வந்தார்.

"பெரியப்பு, பறவையே அளந்து காட்டிருச்சு. ஊரே பாத்துருச்சு. இனிமே அவர் வாயிலருந்து வேற வரணுமா? விட்டுருங்க."

"பறவை சொன்னது பறவையோட வார்த்தை," என்றார் பூமிநாதன். "அவுக வார்த்தை அவுககிட்டதான இருக்கு? அது இன்னும் என்கிட்ட வரல."

"வயசாயிருச்சு ரெண்டு பேருக்கும்."

"அதனாலதான் சீக்கிரம் சொல்லச் சொல்றேன்."

கார்த்திகையில் உடையப்பனுக்கு உடம்பு எரியத் தொடங்கியது. உள்ளங்காலில் ஆரம்பித்து மேலே ஏறியது. வைத்தியம் பார்த்தவர்கள் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், எரிச்சல் போகவில்லை. மூடின மூட்டத்துக்குள் கட்டை கிடந்து கனிகிற மாதிரி உள்ளுக்குள்ளேயே கனிந்தது. வீட்டார் அவரை நடைக்குள் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஆனால் நடையில் பறவை இறங்குவதில்லை, அங்கே விழுந்த பனியும் மெல்லிசு, அவர் உடம்புக்கு அது போதவில்லை. மதிலுக்கு மேலே வேம்பின் உச்சியில் சூறைக்குருவிகள் உதறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

ஒருநாள் அவர் மகன் போஸ், ஓடை சுற்றி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"சித்தப்பு, அப்பாவுக்கு இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரணுமாம்."

பூமிநாதன் அவனைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரே வந்து உக்காருது. அவுகளும் வரட்டும். வழி தெரியுமில்ல?"

மறுநாள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உடையப்பனை ஓடைக்குள் இறக்கி ஏற்றி, முள்ளுக்குள் வளைத்துக் கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போது அவருக்கு மூச்சு இரைத்தது. கை முட்டியில் முள் கீறி ரத்தம் வந்திருந்தது. பூமிநாதன் அந்தக் கீறலை நன்றாகப் பார்த்தார். வேம்படியில் நாற்காலியைப் போட்டதும் தலையிலும் தோளிலும் வெள்ளை விழுந்தது, உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு "ஆத்தா" என்றார். அன்று பொழுது இறங்கியதும் வந்த வழியாகவே திரும்பத் தூக்கிப்போனார்கள்.

அதற்கடுத்த நாள் பூமிநாதன் காட்டுக்கு விறகு பார்க்கப் போய்த் திரும்பியபோது மதில் ஆள் புகுகிற அளவுக்கு இடிக்கப்பட்டு, கல்லெல்லாம் பனியில் சிதறிக் கிடந்தது. போஸ் கடப்பாரையோடு நின்றான். ஊர் ஜனம் கூடி நின்று சந்தோஷப்பட்டது, சவேரியம்மா குலவைகூட இட்டுவிட்டாள்.

"யாரைக் கேட்டுடா இடிச்ச?" என்றார் பூமிநாதன்.

போஸ் திகைத்துப்போனான். "சித்தப்பு, நீங்க... இதைத்தான இத்தனை வருசமா..."

"நான் எப்படா இடிக்கச் சொன்னேன்? நான் கேட்டப்ப நாலு வரிசைக் கல்லு அசையல. இன்னிக்கு யாருக்காக அசைஞ்சுச்சு? எனக்காகவா?"

"அண்ணே, சும்மா இருங்க," என்றாள் சவேரியம்மா. "தொறந்தது தொறந்துதான?"

"ஒனக்குத் தெரியாது தாயி. இது அவுகளுக்கு அவுகளே தொறந்துக்கிட்ட வாசல். என் பேரு இதுல இல்ல."

அப்படிச் சொன்னாலும் அவர் திறப்பை அடைக்கவில்லை. அதன்வழியாகத் தினமும் அண்ணன் நாற்காலி வந்தது. அவர் மட்டும் எப்போதும்போல் ஓடை சுற்றியே தெருவுக்குப் போனார், திறப்புக்குள் ஒருநாளும் கால் வைக்கவில்லை. இரண்டு கிழவர்களும் மார்கழி முழுக்க, தை முழுக்க, தலைவர் கொடுத்த பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அருகருகே உட்கார்ந்து பறவைகளைப் பார்த்தார்கள். அண்ணனுக்குப் பறவைப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. தம்பி சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால் மட்டும் சொன்னார்.

"அது ஏன் பூமி பூச்சியைத் தின்னாம முள்ளுல மாட்டுது?"

"பிறகு தேவைப்படும்னு வைக்குது."

"மறந்துறாதா?"

"அது மறக்காது."

அண்ணன் அதன்பிறகு வெகுநேரம் உடைமரத்தையே பார்த்தார்.

ஊரார் இதைப் பார்த்து அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்றார்கள். பூமிநாதன் சேரவில்லை, காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் அண்ணன் வாயைத் திறக்கும்போது அவர் உடம்பெல்லாம் காதாகும். வேண்டுமென்றே நாலு பேர் கொல்லையில் நிற்கிற நேரமாகப் பார்த்து அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார், சாட்சிக்கு ஆள் வேண்டுமே.

"பூமி," என்பார் உடையப்பன்.

மாவுச் சட்டி எடுக்க வந்தவர்கள் அப்படியே நிற்பார்கள். ஐஸ்காரன் அள்ளுவதை நிறுத்துவான்.

"சொல்லுங்க."

"கொடியில நீலவாலு ஒண்ணு கம்மியா இருக்கே இன்னிக்கு."

நிற்கிறவர்கள் மூச்சை விடுவார்கள். பூமிநாதன் கொடியைப் பார்த்து, "கெணத்துப் பக்கம் உக்காந்திருக்கு" என்பார்.

ஒரே ஒருமுறை, ஊரார் யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், உடையப்பன் தானாகப் பேசினார். பனி மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன்."

"தெரியும். இருமுனீக."

"நீ கூப்புட்டது கேட்டுச்சு."

"அதுவும் தெரியும்."

"எந்திரிச்சு நடை வரைக்கும் வந்தேன் பூமி. மதில்ல கை வச்சேன். இந்தப் பக்கம் நீ அழுதது கேட்டுச்சு."

வேம்பில் ஒரு குருவி இடம் மாறி உட்கார்ந்தது, பொத்தென்று ஒரு பிடி பனி இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது.

"அப்புறம்?" என்றார் பூமிநாதன்.

உடையப்பன் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்திலேயே உறைந்து நின்றது. பிறகு அவர், "குளுருதுப்பா, மேல இழுத்து விடு" என்றார்.

பூமிநாதன் பொன்னாடையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டார். அண்ணன் குளிருகிறது என்று சொன்னது அந்தக் காலம் முழுக்க அந்த ஒருமுறைதான். 'சொல்லிவிட்டார், முக்கால்வாசி சொல்லிவிட்டார்' என்று அன்று பூமிநாதனின் ஒரு மனம் சொன்னது. 'மிச்சக் கால்வாசிதான் நான் கேட்டது' என்று இன்னொரு மனம் சொன்னது. அந்த இரண்டாவது மனத்தோடுதான் அவருக்கு நெடுநாள் பழக்கம்.

மாசியில் காற்று திரும்பியது. வந்தது மாதிரியே பறவைகள் ஒவ்வொரு சாதியாகப் போகத் தொடங்கின, போகும்போது தங்கள் பங்குக் குளிரை எடுத்துக்கொண்டே போயின. பஞ்சுருட்டான்கள் போன அன்று காற்று நின்றது. ஆறுமணிக் குருவி கூப்பிடாத ஒரு சாயங்காலம் வந்தது, சருகின் மேலிருந்த வெள்ளை ஈரமாகிக் கறுத்தது. சவேரியம்மா மீனை எடுத்துக்கொண்டாள், பெண்கள் சட்டிகளை எடுத்துக்கொண்டார்கள், பொன்னாடைகளைத் துவைத்து மடித்துத் தலைவர் வீட்டில் சேர்த்தார்கள். சூறைக்குருவிகள் ஒரு காலைப்பொழுதில் வேம்பை உதறிவிட்டு எழுந்தன. வானத்தில் ஒரு கரிய துணியை யாரோ வீசி மடிப்பதுபோல் திரும்பித் திரும்பி வடக்கே போயின. அதற்குப் பிறகு மிச்சமிருந்தது கிணற்றடியில் ஒரு பாய் அளவு வெள்ளையும், அதில் நடந்துகொண்டிருந்த ஒற்றை வாலாட்டியும்தான். உடையப்பனின் நாற்காலியை அந்தப் பாய் அளவுக்குள் நகர்த்திப் போட்டார்கள். அவர் கால் இரண்டையும் அதில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எரிச்சல் மார்புவரை வந்துவிட்டது என்று மீனாள் அழுதாள்.

பூமிநாதன் அன்று எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த வார்த்தையை முதல்முறையாக அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"அண்ணே. நாலு பேரு நிக்கிறாக. சொல்லிருங்க."

போஸ் நின்றான். தலைவர் நின்றார். சவேரியம்மாவும் ஐஸ்காரனும் இன்னும் சிலரும் நின்றார்கள். உடையப்பன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். உதடு பிரிந்தது. வாலாட்டி நடந்து அவர் பாதம்வரை வந்தது, வாலை ஆட்டியது, எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, வேம்பைத் தாண்டி, மதிலைத் தாண்டி, போய்விட்டது. எல்லோரும் ஒரு கணம் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பியபோது உடையப்பனின் உதடு பிரிந்தபடியே இருந்தது. காலடியில் பாய் அளவு வெள்ளை தண்ணீராகி ஓடைப்பக்கம் ஓடியது. வெயில் வந்து அவர் மடியில் உட்கார்ந்தது.

குளிப்பாட்டுவதும் கோடி போடுவதும் எல்லாம் கொல்லையிலேயே நடந்தது, இறந்த இடம் அதுவானதால். பாடை கட்டி முடித்துத் தூக்க நாலு பேர் குனிந்தபோதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவு வந்தது. தூக்கப் போனவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். ஒருவரும் திறப்பின் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் பூமிநாதனைப் பார்த்தார்கள். இது அவருடைய கொல்லை. அண்ணன் கிடக்கிற மண் அவருடைய மண். ஓடை வழியாகக் கொண்டுபோங்கள் என்று அவர் ஒரு சொல் சொன்னால் மறுத்துச் சொல்ல அந்த ஊரில் ஒரு நாக்கு கிடையாது. மீனாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கொழுந்தனாரே, அந்தத் தப்பு என்னையும் சேரும். நான் சொல்றேன், அவுகளுக்காக நான் சொல்றேன். இருளாயியை வாசல்வழியா..."

"வேணாம் மதினி," என்று பூமிநாதன் தடுத்தார். அவர் குரல் உயரவில்லை. "நீங்க சொன்னா அது உங்க வார்த்தை. அதை வாங்கி நான் என்ன பண்ண?"

பிறகு அவர் திறப்பைக் காட்டினார்.

"வாசல்வழியாவே கொண்டுபோங்க."

போஸ் அழுதுகொண்டே அவர் காலில் விழப் போனான். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எந்திரிடா. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாத. ஓடை வழியா அனுப்புனா அவுகளுக்கும் எனக்கும் கணக்கு நேராயிரும். ஒருத்திக்கு ஒருத்தர்னு ஊரு முடிச்சுக் கட்டிரும். நான் நேராக விடமாட்டேன். அவுக குடுக்க வேண்டியது அவுக பேருலயே இருக்கட்டும்."

"நீங்க தோள் குடுக்கணுமே பெரியப்பு," என்றார் தலைவர். "கூடப்பிறந்தவுக தோள் இல்லாம எப்படி எடுக்க?"

"குடுக்குறேன். தெருவுல இறக்கி வைங்க. நான் வந்துர்றேன்."

பாடை மதிலின் திறப்புக்குள் நுழைந்து, பழைய நடையின் நீளத்தையும் கடந்து, முன்வாசல் நிலைப்படி தாண்டித் தெருவுக்கு இறங்கியது. தெருப் பெண்கள் வாசலுக்கு வாசல் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். பூமிநாதன் அதன்பின்னால் போகவில்லை. கொல்லையிலிருந்து ஓடைக்குள் இறங்கினார். ஓடையில் தண்ணீர் இல்லை, கொதிக்கிற மணல்தான். கரையேறினார், முள்ளுக்காட்டை வளைத்தார், சுடுகாட்டு முக்கைத் தொட்டார், எப்போதும் நடக்கிற நடையில், அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல், ஊரைச் சுற்றி நடந்தார். அதுவரைக்கும் உடையப்பன் தெரு நடுவில் வெயிலில் கிடந்தார். சங்கு ஊதுகிறவன் ஊதாமல் நின்றான். மாலைப் பூ சுருங்கியது. ஊர் முழுக்க நின்று காத்திருந்தது.

பூமிநாதன் தெரு முனையில் திரும்பி வந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டார். தலைமாட்டுப் பக்கம் குனிந்து மூங்கிலைத் தோளில் ஏந்திக்கொண்டு, அண்ணனின் காதுக்குப் பக்கத்தில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னும் சொல்லல நீங்க" என்றார்.

பிறகு, "தூக்குங்கப்பா" என்றார்.